ரொட்டவேட்டர் உடைவது மண்ணாலா, லிவராலா?

ரொட்டவேட்டரின் கியர் பாக்ஸ் உடைந்து பட்டறைக்கு வந்தால் பழி பெரும்பாலும் மூன்று இடங்களில்தான் விழும். நிலம் கட்டாந்தரையாகக் கிடந்தது என்பார் டிரைவர். கம்பெனிப் பொருள் மட்டம் என்பார் வண்டிக்காரர். அளவுக்கு மீறி ஆழம் இறக்கிவிட்டார்கள் என்பார் மெக்கானிக். மூன்றிலும் உண்மை இருக்கக்கூடும். அதிகம் பேசப்படாத நான்காவது காரணம் ஒன்று உண்டு. இன்ஜின் முழு வேகத்தில் இரைந்துகொண்டிருக்க, கத்திகள் மண்ணில் பதிந்து கிடக்க, பி.டி.ஓ லிவரை ஒரே வீச்சில் தள்ளிய அந்த ஓரிரு நொடிகள்தான் அது. பி.டி.ஓவில் ஓடும் கருவிகளுக்குச் சீரான உழைப்பு தேய்மானத்தைத் தருகிறது; தவறான தொடக்கம் உடைப்பைத் தருகிறது. மண்ணின் தன்மையும் கம்பெனியின் தரமும் டிரைவர் கையில் இல்லை. தொடக்கம் முழுக்க அவர் கையில் இருக்கிறது. அதனால்தான் அந்த நொடிகளில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது லாபமான அறிவு.

டிராக்டரின் பின்பக்கம், லிஃப்ட் கைகளுக்கு நடுவில் நீட்டிக்கொண்டு, இன்ஜினின் சுழற்சியைக் கருவிக்குக் கடத்தும் வரிப்பள்ளம் வெட்டிய குட்டைத் தண்டுதான் பி.டி.ஓ. கொக்கிக் கலப்பைக்கும் சட்டிக் கலப்பைக்கும் அது தேவையில்லை. அவற்றை இழுத்தால் போதும். ரொட்டவேட்டர், வைக்கோல் கட்டும் பேலர், தென்னை மட்டை அரைக்கும் ஷ்ரெடர், குழி தோண்டும் கருவி, மருந்து தெளிப்பான், கதிரடிக்கும் இயந்திரம் போன்றவற்றுக்கு இழுவையோடு, அல்லது இழுவைக்குப் பதிலாக, சுழற்சி வேண்டும். நம் ஊர் வண்டிகளில் வழக்கமாகக் காணும் தண்டு 35 மில்லிமீட்டர் விட்டமும் ஆறு வரிகளும் கொண்டது. அதன் தரப்படுத்திய வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு ஒன்பது சுற்று. இந்த அளவுகளை ஐஎஸ்ஓ 500 என்ற பன்னாட்டுத் தரநிலை வரையறுத்திருப்பதால்தான் ஒரு கம்பெனி டிராக்டரில் இன்னொரு கம்பெனிக் கருவியை மாட்ட முடிகிறது. பி.டி.ஓவில் 40 குதிரைத்திறன் தரும் டிராக்டர், 540 சுற்றில் முழுத் திறனையும் செலுத்தும்போது தண்டில் ஏறும் முறுக்கு விசை ஏறக்குறைய 530 நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் 54 கிலோ எடையைத் தொங்கவிட்டால் வரும் முறுக்கு அது. சீராக வரும்வரை இந்த விசையைத் தாங்கும்படிதான் கருவியின் தண்டும் பல்சக்கரமும் செய்யப்பட்டிருக்கின்றன. சிக்கல், அது சீராக வராத நேரத்தில் இருக்கிறது.

பி.டி.ஓவின் வரலாற்றையே இந்தத் தொடக்கச் சிக்கலைத் தீர்க்க நடந்த முயற்சிகளின் வரலாறாகப் படிக்கலாம். பிரான்சில் ஆல்பெர் கூஜி என்ற பொறியாளர் 1906 வாக்கில் கதிர் அறுத்துக் கட்டும் இயந்திரத்தை டிராக்டரின் இன்ஜினாலேயே ஓட்டிக் காட்டினார். அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1918-ல் தன் 8-16 டிராக்டரில் பி.டி.ஓவைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அந்தக் காலத்து ஏற்பாட்டில் சக்கரத்துக்கும் பி.டி.ஓவுக்கும் ஒரே கிளட்ச். வண்டியை நிறுத்தக் கிளட்சை மிதித்தால் கருவியும் நின்றுவிடும். கதிர் அடர்ந்த இடத்தில் அறுவடைக் கருவி திணறும்போது வண்டியை நிறுத்தி, கருவியை மட்டும் ஓடவிட்டுத் திணறலைத் தீர்க்க வழியில்லை. மறுபடி கிளட்சை விட்டால், வயிற்றில் பயிர் அடைத்திருக்கும் கருவியை முழுச் சுமையோடு அசைவற்ற நிலையிலிருந்து கிளப்ப வேண்டும். 1940-களின் பிற்பாதியில் கனடாவின் காக்‌ஷட் நிறுவனம் தன் 30 மாடலில் பி.டி.ஓவைச் சக்கரத்திலிருந்து பிரித்து ஓட்டும் வசதியைத் தந்தது. இன்று நம் ஊரில் ஓடும் டூயல் கிளட்ச் வண்டிகளும், தனி லிவரோ சுவிட்சோ கொண்ட இன்டிபென்டென்ட் பி.டி.ஓ வண்டிகளும் அந்த வழியில் வந்தவை. டூயல் கிளட்சில் பெடலைப் பாதி மிதித்தால் வண்டி மட்டும் நிற்கும்; முழுதும் மிதித்தால் பி.டி.ஓவும் நிற்கும். இன்டிபென்டென்ட் வகையில் இரண்டுக்கும் தொடர்பே இல்லை. கருவி எப்போது, எப்படி ஓடத் தொடங்குகிறது என்பதை டிரைவரின் முடிவுக்கு விடுவதற்காகவே பொறியாளர்கள் இவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள்.

இணைப்புக் கொடுக்கும் கணத்தில் நடப்பதைப் பார்ப்போம். ஒரு பக்கம் இன்ஜினும் அதன் கனமான ஃப்ளைவீலும் சுழன்றுகொண்டிருக்கின்றன. மறுபக்கம் கருவியின் ரோட்டார் அசையாமல் நிற்கிறது. நடுவில் இருக்கும் கிளட்ச் இரண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவர வேண்டும். 40 குதிரைத்திறன் வண்டி அதற்குரிய முறுக்கைத்தானே தரும் என்று நினைத்தால் தவறு. ஃப்ளைவீல் தான் சேமித்து வைத்திருக்கும் ஆற்றலையும் அந்த நொடியில் கொட்டிவிடும். ஆகவே தண்டில் ஏறும் விசைக்கு உச்சவரம்பு இன்ஜினின் திறன் அன்று. கிளட்ச் எவ்வளவு இறுக்கிப் பிடிக்கும் என்பதே உச்சவரம்பு. வேலையின்போது வழுக்காமல் இருப்பதற்காகக் கிளட்சை இன்ஜின் முறுக்கைவிடக் கணிசமாகக் கூடுதலாகப் பிடிக்கும்படிதான் அமைப்பார்கள். பி.டி.ஓவைத் திடீரென்று கொடுத்தால் அந்தக் கூடுதல் பிடிப்பு முழுவதும் கருவியின் மேல் பாய்கிறது.

அடியை இன்னும் பெரிதாக்குபவை இடைவெளிகள். தண்டின் வரிகளில் சிறு ஆட்டம், பல்சக்கரங்களுக்கு நடுவே இடைவெளி, பக்கவாட்டுச் செயினில் தளர்வு எல்லாம் எந்தக் கருவியிலும் இருக்கும். கிணற்றில் தளர்ந்து கிடக்கும் கயிற்றை மெல்ல இழுத்து விறைப்பாக்கிவிட்டுத் தூக்கினால் கயிறு தாங்கும். தளர்வோடு வெடுக்கென்று இழுத்தால் அதே குடத்துக்கு அதே கயிறு அறும். பி.டி.ஓவைத் திடீரென்று கொடுக்கும்போது ஒவ்வொரு பல்லும் அடுத்த பல்லை ஓடிவந்து மோதுகிறது. ‘டங்’ என்று கேட்கும் சத்தம் அதுதான். மெல்ல ஏற்றும் சுமையைவிட, அதே சுமையைத் திடீரென்று ஏற்றும்போது பொருளுக்குள் உண்டாகும் அழுத்தம் இரண்டு மடங்கு என்பது பொறியியல் பாடநூல் முதலாண்டிலேயே சொல்லும் செய்தி. மோதலும் சேர்ந்தால் அது இன்னும் கூடும். இப்படி விழும் அடி அன்றைக்கே எதையும் உடைக்காமல் போகலாம். இரும்பில், குறிப்பாகச் சாவிப் பள்ளத்தின் மூலையிலோ வரியின் அடியிலோ, கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஒன்று பிறக்கும். அடுத்தடுத்த அடிகளில் அது வளரும். மாதங்கள் கழித்து மென்மையான நிலத்தில், சாதாரண வேலையில், தண்டு முறிந்து விழும். நேற்றுவரை நன்றாகத்தானே ஓடியது என்ற வியப்புக்கு விடை, முறிந்த முகத்திலேயே எழுதியிருக்கும். உற்றுப் பார்த்தால் பழைய விரிசல் பரவிய பகுதி வழவழப்பாகவும் மங்கியும், கடைசியாக முறிந்த பகுதி சொரசொரப்பாகவும் புதிதாகவும் தெரியும். அப்படி இரண்டு பகுதிகள் தெரிந்தால், அன்றைய மண்ணின் மேல் முழுப் பழியையும் போட முடியாது.

ரொட்டவேட்டரில் இந்தப் பிரச்சினைக்கு இன்னொரு முகம் உண்டு. முப்பது நாற்பது கத்திகள் கொண்ட அதன் ரோட்டாரைப் பாருங்கள். கத்திகள் ஒரே நேர்க்கோட்டில் இல்லாமல் சுருள் வரிசையில் மாட்டப்பட்டிருக்கும். ஒரு கத்தி மண்ணை வெட்டி முடிக்கும்போது அடுத்தது நுழைய வேண்டும், எல்லாம் ஒன்றாக மண்ணைத் தொடக்கூடாது என்பதே அதன் நோக்கம். சுமை பகிர்ந்து வருவதால்தான் நடுத்தர டிராக்டர்கூட ஆறடி ரொட்டவேட்டரை ஓட்ட முடிகிறது. கருவியை மண்ணில் இறக்கி வைத்துவிட்டு பி.டி.ஓவைக் கொடுத்தால் இந்த ஏற்பாடு முழுவதும் வீணாகிறது. அடியில் புதைந்திருக்கும் கத்திகள் அத்தனையும் ஒரே நேரத்தில் மண்ணை முட்டித் தள்ள வேண்டியிருக்கிறது. நிலம் இறுகியிருந்தால் ரோட்டார் மண்ணைக் கிழிக்காமல் அதன்மேல் ஏறி, வண்டியையே முன்னால் தள்ளும். சுழலும் ரொட்டவேட்டரைத் தடாலென்று நிலத்தில் போடுவதும் இதற்கு இளைத்த தவறில்லை. தரையை விட்டுச் சற்றே தூக்கிய நிலையில் சுழற்றி, வேகம் ஏறிய பிறகு, வண்டி நகர்ந்துகொண்டிருக்கும்போது மெல்ல இறக்குவதுதான் சுருள் வரிசையை வேலை செய்யவிடும் முறை.

‘மெல்ல’ என்பதைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டு கிளட்சைக் கருக்கிவிடுகிறார்கள். இங்கே கணக்கு தெளிவானது. அசைவற்ற ரோட்டாரை ஒரு வேகத்துக்குக் கொண்டுவரும்போது, அது எவ்வளவு ஆற்றலைச் சேமிக்கிறதோ அதே அளவு ஆற்றல் கிளட்சில் வெப்பமாகக் கழிகிறது. அந்த ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 1800 சுற்றில் ஓடும் இன்ஜினோடு இணைப்பதற்குப் பதில் 1000 சுற்றில் இணைத்தால் வேகம் பாதியைவிடச் சற்றே அதிகம். கிளட்சில் பிறக்கும் வெப்பமோ மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. சுமை இல்லாத கருவிக்கு மட்டுமே இந்தக் கணக்கு பொருந்தும். கத்தி மண்ணில் இருந்தால், வழுக்கும் ஒவ்வொரு நொடியும் மண்ணின் எதிர்ப்புக்கான வெப்பம் கூடுதலாகச் சேரும். முழு வேகத்தில், சுமையோடு, பெடலைப் பாதியில் பிடித்து இழுத்தடிப்பவர் கருவியைக் காப்பாற்றுவதாக எண்ணி கிளட்ச் தட்டை எரிக்கிறார். அதே நிலையில் பெடலைச் சட்டென்று விடுபவர் கிளட்சைக் காப்பாற்றி, கருவியை உடைக்கிறார். இரண்டையும் சேர்த்துக் காக்க ஒரே வழி, குறைந்த இன்ஜின் வேகத்தில், சுமையில்லாமல், தயங்காமல் சீராக இணைப்பது. வேகத்தை ஏற்றுவது அதற்கு அடுத்த படி.

தூக்கிய நிலையில் கொடுக்க வேண்டும் என்றேன். எவ்வளவு தூக்குவது என்பதிலும் எல்லை இருக்கிறது. டிராக்டரையும் கருவியையும் இணைக்கும் ஷாஃப்டின் இரு முனையிலும் உள்ள ஜாயிண்ட், அதாவது நாம் ‘கிராஸ்’ என்று சொல்வது, கோணம் கூடக் கூட சீரற்றுச் சுழலும். டிராக்டர் பக்கத் தண்டு சீராக 540 சுற்றில் ஓடினாலும், ஜாயிண்ட் 30 பாகை மடங்கியிருந்தால் அதற்கப்பாலுள்ள ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை 468-க்கு இறங்கி 624-க்கு ஏறும். நொடிக்கு ஒன்பது சுற்று என்றால் நொடிக்குப் பதினெட்டு முறை இந்த ஏற்ற இறக்கம். இரு முனைக் கோணங்களும் சமமாக, ஜாயிண்டுகள் ஒரே வாக்கில் மாட்டப்பட்டிருந்தால் கருவிக்குள் போகும் சுழற்சி மறுபடி சீராகிவிடும். ஆனால் லிஃப்டை உச்சிக்குத் தூக்கும்போது கருவி சாய்ந்து கோணங்கள் சமம் இழக்கின்றன. வரப்போரம் திருப்பும் ஒவ்வொரு முறையும் ரொட்டவேட்டரைச் சுழலவிட்டபடியே முழு உயரத்துக்குத் தூக்குவது, கடகடவென்ற சத்தத்தோடு கிராஸையும் பேரிங்கையும் தின்னும் பழக்கம். கத்தி தரையை விட்டு விலகும் அளவுக்கு மட்டும் தூக்கித் திருப்பலாம். அதற்கு மேல் தூக்க வேண்டுமானால் பி.டி.ஓவை நிறுத்திவிட வேண்டும்.

கருவிக்குக் கருவி பாதிப்பின் வடிவம் மாறும். ஷ்ரெடரிலும் புதர் வெட்டும் கருவியிலும் ரோட்டார் கனமானது. ஊசலாடும் கத்திகளும் சுத்திகளும் வேகம் ஏறிய பிறகுதான் விறைத்து நிற்கும். திடீரென்று சுழற்றினால் அவை தாறுமாறாக அடித்துக்கொண்டு முளைகளைத் தேய்க்கும். இவற்றைப் பழைய ஒற்றைக் கிளட்ச் வண்டியில் மாட்டினால் நிறுத்துவதிலும் ஆபத்து இருக்கிறது. கிளட்சை மிதித்த பிறகும் சுழலும் கனம் பி.டி.ஓ வழியாகச் சக்கரத்தைத் தள்ளுவதால் வண்டி நிற்காமல் முன்னேறும். ஒரு பக்கம் மட்டும் விசையைக் கடத்தும் ஓவர்ரன் கப்ளிங் என்ற சிறு பாகம் இதற்கான தீர்வு. தெளிப்பானில் அழுத்தச் சீராக்கியைத் திறந்து வைத்துவிட்டு பி.டி.ஓவைக் கொடுக்க வேண்டும். அடைத்து வைத்துக் கொடுத்தால் பம்பும் குழாயும் முதல் நொடியிலேயே முழு அழுத்தத்தை வாங்கும். பி.டி.ஓவில் ஓடும் ஜெனரேட்டரில் கெடுவது இரும்பைவிட மின்கருவிகள்தான். 540 சுற்றில் 50 ஹெர்ட்ஸ் தரும்படி அமைத்ததை 486 சுற்றில் ஓட்டினால் 45 ஹெர்ட்ஸ்தான் வரும். வேகம் நிலைபெற்ற பிறகே மின்சுமையை இணைக்க வேண்டும் என்பது அதனால்தான். கருவிகள் எத்தனை வகையானாலும் வரிசை ஒன்றே: சுமையின்றித் தொடங்கு, வேகத்தை ஏற்று, பிறகு சுமையைக் கொடு.

இதற்கு மறுப்புகள் இல்லாமல் இல்லை. ஷியர் போல்ட்டும் ஸ்லிப் கிளட்சும் கருவியைக் காக்கத்தானே வைத்திருக்கிறார்கள் என்பது முதல் மறுப்பு. அவை கல்லில் மோதுவது போன்ற பேரடியிலிருந்து காப்பவை. ஒரு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால்தான் வேலை செய்யும். அந்த எல்லைக்குக் கீழே நூறு முறை விழும் அடிகளை அவை அப்படியே கருவிக்குக் கடத்தும்; விரிசல் வளர்வது அந்த அடிகளில்தான். போல்ட் அடிக்கடி அறுகிறதே என்று கையில் கிடைத்த கெட்டி போல்ட்டை மாட்டினால் அந்தக் காவலும் போய்விடும். ஸ்லிப் கிளட்சோ ஒரு பருவம் சும்மா கிடந்து துருப்பிடித்தால் வழுக்க வேண்டிய நேரத்தில் வழுக்காது. இரண்டாவது மறுப்பு, குறைந்த வேகத்தில் கொடுத்தால் இன்ஜின் திணறி நின்றுவிடுகிறது என்பது. கருவி தரையில் பதிந்திருந்தால் நிற்கத்தான் செய்யும். தூக்கிய ரொட்டவேட்டரைச் சுழற்ற வெறும் ஐட்லிங்குக்குச் சற்று மேலான வேகமே பொதுவாகப் போதும். அப்போதும் நின்றுபோனால் கருவி வண்டிக்குப் பெரியது, அல்லது உள்ளே ஏதோ சிக்கியிருக்கிறது என்று பொருள். அது கவனிக்க வேண்டிய எச்சரிக்கை. ஆக்சிலேட்டரை ஏற்றி மறைக்கக்கூடாதது.

மூன்றாவது மறுப்பு புதிய வண்டிக்காரர்களுடையது. எண்ணெயில் மூழ்கிய பல தட்டுக் கிளட்சும், அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றும் மின்னணுக் கட்டுப்பாடும் வந்துவிட்ட பிறகு சுவிட்சை அழுத்தினால் போதாதா என்கிறார்கள். அந்த வசதி அடியின் உச்சத்தைக் குறைக்கிறது, உண்மை. கருவி மண்ணில் கிடக்கிறதா, காற்றில் நிற்கிறதா என்று பார்த்துச் சொல்வது அதன் வேலையில்லை. முழு வேகத்தில் இணைத்தால் கிளட்ச் கழிக்க வேண்டிய வெப்பமும் குறையாது. நான்காவது மறுப்புதான் உண்மையில் வலுவானது: மணிக்கணக்கில் வாடகை வாங்கும் வண்டியில் நேரம் பணம். ஒவ்வொரு முறையும் பத்து நொடி கூடுதலாக எடுத்துக்கொண்டு, ஒரு நாளில் முப்பது முறை பி.டி.ஓவைக் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் ஐந்து நிமிடம். கியர் பாக்ஸ் கழன்றால் நடவுக்காலத்தில் போகும் நாட்களை அதனோடு ஒப்பிட்டுப் பார்த்தால் கணக்கு தீர்ந்துவிடும். ஆனால் அந்த ஐந்து நிமிடம் டிரைவருடையது, உடைந்த கியர் பாக்ஸ் உரிமையாளருடையது, நின்றுபோன நடவு விவசாயியுடையது. பழக்கம் மாறாமல் இருப்பதற்கு அறியாமையைவிட இந்தப் பிரிவினை பெரிய காரணம்.

தொடக்கம்போலவே நிறுத்தமும் ஒழுங்கோடு இருக்க வேண்டும். அங்கே பணயம் இரும்பைவிடப் பெரியது. நொடிக்கு ஒன்பது சுற்று சுற்றும் 35 மில்லிமீட்டர் தண்டு நொடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் துணியைச் சுருட்டும். ஜாயிண்ட் இன்னும் தடிமனானது. இன்னும் வேகமாகச் சுருட்டும். வேட்டி நுனியோ துண்டோ சேலை முந்தானையோ சிக்கினால் கையை இழுத்துக்கொள்ள நேரம் இருக்காது. கதிரடிக்கும் இயந்திரங்களில் கை இழந்தவர்கள் பெருகியதை ஒட்டியே 1983-ல் அபாயகரமான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றியது. லிவரை எடுத்த பிறகும் ரோட்டார் சிறிது நேரம் சுழலும் என்பதால், அது முழுதாக நிற்கும்வரை, இன்ஜினையும் அணைக்கும்வரை யாரும் கிட்டே போகக்கூடாது. கத்தியில் சுற்றிய கொடியை எடுக்கப் போகிறவர் கவனத்தில் வைக்க வேண்டியது இந்த ஒன்றைத்தான். ஷாஃப்டின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுவது எந்தச் சிக்கனத்திலும் சேராது.

செய்ய வேண்டியவை சிலதான். டிராக்டர் வாங்குபவர் குதிரைத்திறனோடு சேர்த்து, பி.டி.ஓ கிளட்ச் எந்த வகை, 540 சுற்று எந்த இன்ஜின் வேகத்தில் கிடைக்கிறது என்றும் கேட்டு வாங்க வேண்டும். வேளாண் பொறியியல் துறையும் தனியார் வாடகை மையங்களும் தங்கள் வண்டிகளில் லிவருக்குப் பக்கத்திலேயே இணைப்பு வரிசையைத் தமிழில் எழுதி ஒட்டலாம். அதற்குச் செலவு ஒரு ஸ்டிக்கர்தான். உரிமையாளர்கள் ஆண்டு முழுவதும் கருவியை உடைக்காமல் ஓட்டும் டிரைவருக்குச் சம்பளத்தோடு ஒரு தொகை சேர்த்துக் கொடுத்தால், மிச்சமாகும் ஐந்து நிமிடத்தைவிட அது அவருக்கு மேலானதாகிவிடும். டிரைவர்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: ஆக்சிலேட்டரைக் குறையுங்கள், கருவியைச் சற்றே தூக்குங்கள், பின்னால் ஆள் இல்லையென்று பாருங்கள், பி.டி.ஓவைச் சீராகக் கொடுங்கள், வேகத்தை ஏற்றுங்கள், நகர்ந்தபடி இறக்குங்கள். இந்த வரிசையைக் கடைப்பிடித்த பிறகும் கியர் பாக்ஸ் உடைந்தால், அப்போது மண்ணையும் கம்பெனியையும் தாராளமாகத் திட்டலாம்.